வெண்புள்ளி அறுவை சிகிச்சை: செலவைக் கேட்கும் முன் ஓராண்டு

தொடையின் மேற்பகுதியில் மரத்துப்போக ஊசி போட்டாகிவிட்டது. பிளேடை ஏறக்குறையப் படுக்கவைத்து, தோலின் மேலோட்டமாக இழுக்கிறார் மருத்துவர். கையோடு வருவது வெங்காயச் சருகைப் போல மெல்லிய ஒரு சீவல். எடுத்த இடத்தில் ரத்தம் ஓடவில்லை, பொட்டுப்பொட்டாகக் கசிகிறது. அந்தச் சீவல் டிரிப்சின் என்ற நொதிக் கரைசலில், உடம்புச் சூடான 37 டிகிரியில், முக்கால் மணி நேரம்போல ஊறுகிறது. மேல்தோல் கழன்று, செல்கள் உதிர்கின்றன. கரைசலைக் குழாயில் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும். தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் அதில்தான் இருக்கின்றன. இதற்குள் கன்னத்து வெள்ளைத் திட்டின் மேல்தோலை லேசர் சீவி எடுத்திருக்கும். பச்சையாக இருக்கும் அந்த இடத்தில் செல் கலந்த நீரைச் சொட்டவிட்டு, கொலாஜன் தாளால் மூடிக் கட்டுப் போடுகிறார்கள். சில மணி நேர வேலை. அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம். ஒரு வாரம் கட்டை நனைக்கக் கூடாது, அந்த இடத்தை அசைக்கக் கூடாது.

கட்டு அவிழும் நாளில் கண்ணாடியில் தெரிவது நிறமல்ல, இளஞ்சிவப்பு. சில வாரம் கழித்துத்தான் பழுப்பு நிறம் தலைகாட்டும். அது பரவி அடர்ந்து சுற்றியுள்ள தோலோடு இணைய மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒட்டிய இடம் பக்கத்துத் தோலைவிடக் கருத்துப்போய், பிறகு மெல்ல சமமாகும். சிலருக்கு நிறம் வரவே வராது. அவர்களிலும் சிலருக்கு, தோல் எடுத்த தொடையில் புதிதாக ஒரு வெள்ளைத் திட்டு வந்திருக்கும்.

இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்பதே வெண்புள்ளி உள்ள வீடுகளில் முதலில் எழும் கேள்வி. இயல்பான கேள்விதான், ஆனால் இரண்டாவதாக வரவேண்டிய கேள்வி. இந்த அறுவை சிகிச்சை எனக்குப் பொருந்துமா என்பது முடிவாகும்வரை செலவுக்குப் பொருளே இல்லை. பொருந்தும் ஒருவருக்கு, செலவழித்த பணம் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் நிறமாகத் திரும்பி வருகிறது. பொருந்தாதவருக்கு மிகக் குறைந்த கட்டணம்கூட நஷ்டம், கூடவே ஒரு புதுக் காயம். பொருந்துமா என்பதைச் சொல்வது காலம்தான்: குறைந்தது ஓராண்டு. நம் மருத்துவச் சந்தையில் எளிதாகத் தாண்டிப் போகப்படுவதும் அந்த ஓராண்டுதான்.

யாருக்கு நிலைக்கிறது?

வெண்புள்ளியில் நடப்பது ஒரு தவறான தாக்குதல். கிருமிகளைக் கொல்ல வேண்டிய நோய் எதிர்ப்பு செல்கள் சொந்த மெலனோசைட்டுகளையே எதிரியாக எண்ணி அழிக்கின்றன. அறுவை சிகிச்சை இந்தத் தாக்குதலை நிறுத்துவதில்லை. அழிந்த இடத்தில் புதிய செல்களைக் கொண்டுபோய் வைக்கிறது, அவ்வளவே. மாடு இன்னும் வயலில் நிற்கும்போது நாற்று நட்டால் என்ன ஆகும்? நட்டவர் கெட்டிக்காரரா, நாற்று உயர்ந்த ரகமா என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, மாடு போய்விட்டதா என்பதை.

அது தானாகவே போய்விடும் ஒரு வகை உண்டு. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு பட்டைபோல வரும் வெண்புள்ளி அது. பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கும், சில மாதங்களிலிருந்து ஓரிரு ஆண்டுக்குள் வேகமாகப் பரவும், பிறகு நின்றுவிடும். அந்த இடத்து முடியும் பலருக்கு வெளுத்திருக்கும். மற்றது இரு பக்கமும் பரவும் வகை. இதுதான் பெரும்பாலோருக்கு இருப்பது. விரல்கள், முழங்கால், கண்ணைச் சுற்றி, வாயைச் சுற்றி என்று வரும். பல ஆண்டு சும்மா இருந்துவிட்டு மீண்டும் விழித்துக்கொள்ளவும் கூடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்திய மருத்துவர் சஞ்சீவ் முலேகர் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் தெளிவாகக் காட்டின. இரண்டிலும் செய்தது தொடக்கத்தில் பார்த்த செல் கரைசல் முறைதான். 2004-இல் வந்த ஆய்வில், ஒருபக்க வகை நோயாளிகளில் 84 சதவீதம் பேருக்குத் திட்டு முழுவதும் அல்லது ஏறக்குறைய முழுவதும் நிறம் வந்தது. ஐந்து ஆண்டுவரை தொடர்ந்து பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. 2005-இல், பரவும் வகை கொண்ட 142 பேரிடம் அதே அளவு பலன் கிடைத்தது 56 சதவீதம் பேருக்கு. முறையும் ஒன்று, மருத்துவரும் ஒருவர். மாறியது நோயின் வகை.

2021-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 117 ஆய்வுகளை, 8,776 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிறம் திரும்பியவர்கள் ஏறத்தாழ 53 சதவீதம், பாதிக்கு மேல் திரும்பியவர்கள் 81 சதவீதம். கிளினிக்குகளின் விளம்பரங்களில் இடம்பெறத் தகுந்த எண்கள்தான். ஆனால் படிக்கிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த அறுவை சிகிச்சையே நோய் நின்றுபோனவர்களுக்கென்று வகுத்தது. ஆய்வுகளில் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அந்த வடிகட்டலைத் தவிர்த்துவிட்டு, அந்த எண்ணை மட்டும் எடுத்து எல்லா நோயாளிக்கும் வாக்குறுதியாகக் கொடுப்பது நேர்மையல்ல.

திட்டு எங்கே இருக்கிறது என்பதும் தீர்ப்பைப் பாதி எழுதிவிடும். முகமும் கழுத்தும் நன்றாக ஒத்துழைக்கும். விரல் நுனி, முழங்கை, முழங்கால், கணுக்கால் போன்ற இடங்கள் பிடிவாதமானவை. மூட்டு அசைந்துகொண்டே இருக்கும், ஒட்டு பிடிக்காது. மருந்தும் புறஊதா ஒளிச்சிகிச்சையும் இங்கே கைகொடுப்பதும் கடினம். அவை வேலை செய்வது முடிவேரில் மிச்சமிருக்கும் நிறமி செல்களைத் தோலுக்கு இழுத்துவருவதால்தான், விரல் நுனியில் முடியே கிடையாது. ஒளிச்சிகிச்சை பற்றிய 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், முகம், கழுத்துத் திட்டுகளில் நல்ல பலன் கண்டவர்கள் 44 சதவீதம். கை, பாதங்களில் அந்த அளவு பலன் கண்டவர் ஒருவரும் இல்லை. இதில் மனதை அறுக்கும் ஒன்று இருக்கிறது. பந்தியில் பரிமாறுகிற கை, கடையில் சில்லறை வாங்குகிற கை, வேலைக்கான நேர்முகத் தேர்வில் மேசைமீது வைக்கிற கை என்று பலரும் முதலில் மறைக்க நினைப்பது கையைத்தான். அதைச் சரிசெய்வதுதான் மிகக் கடினம் என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை.

[பெட்டிச் செய்தி]
தெரிந்திருக்க வேண்டியவை
உலக மக்களில் அரை முதல் 2 சதவீதம் பேருக்கு வெண்புள்ளி இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இது தொற்றாது. 'வெண்குஷ்டம்' என்று இன்னும் சிலர் சொல்வது பிழை, குஷ்டத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையும், பாலைப்போன்ற வெண்மை இருக்காது. வெண்புள்ளியில் தொடுஉணர்ச்சி அப்படியே இருக்கும். தேமலோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தேமல் பூஞ்சையால் வருவது, களிம்பில் போய்விடும். ஆண்டுதோறும் ஜூன் 25 உலக வெண்புள்ளி நாள். வெண்புள்ளி இருந்த பாடகர் மைக்கேல் ஜாக்சன் 2009-இல் மறைந்த நாள் அது.

ஓராண்டுக் காத்திருப்பு

இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தின் பணிக்குழு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஓராண்டு என்கிறது. அந்த ஓராண்டில் புதிய திட்டு வரக்கூடாது. பழைய திட்டு வளரக்கூடாது. கீறல், சூடு, செருப்பு உரசல் ஆகியவை பட்ட இடம் வெளுக்கக் கூடாது. இந்த மூன்றாவதைக் கோப்னர் விளைவு என்பார்கள். அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை மிக முக்கியமான அறிகுறி இதுதான். ஏனென்றால் அறுவை சிகிச்சையே ஒரு காயம். கீறினால் வெளுக்கிற தோலில் பிளேடும் லேசரும் பட்டால் அதுவும் வெளுக்கும், தோல் கொடுத்த தொடையும் வெளுக்கும். திட்டைச் சுற்றிப் பொரியைத் தூவினாற்போலச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தாலும், ஓரம் தெளிவில்லாமல் மங்கிக் கரைந்திருந்தாலும் நோய் இன்னும் விழித்திருக்கிறது என்று பொருள். கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நின்று கொப்புளம் போட்டுக்கொள்வதிலும் இதே ஆபத்து உண்டு. அந்த விதையில் ஒளியோடு சேர்ந்து வேலை செய்யும் சோரலன் இருப்பது உண்மை. புண்ணானால் புதிய திட்டு வரலாம் என்பதும் உண்மை.

நோயாளியின் நினைவை மட்டும் நம்பி இந்த ஓராண்டைக் கணக்கிட முடியாது. 'ரொம்ப நாளா அப்படியேதான் இருக்கு' என்று சொல்லும் எவருக்கும், மெல்ல மெல்ல நகரும் ஓரம் கண்ணில் படாது. இதற்கு ஒரு செலவும் இல்லாத வழி உண்டு: மாதம் ஒருமுறை, அதே ஜன்னலோரம், அதே நேரத்தில், திட்டின் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து செல்போனில் படம் எடுப்பது. பன்னிரண்டு படங்கள் சேர்ந்தால் எந்த மருத்துவருக்கும் அது நல்ல சாட்சி. அதற்குமேலும் சந்தேகம் இருந்தால் சோதனை ஒட்டு வைக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில் நாலைந்து துண்டுகளைத் திட்டின் நடுவே பதித்து மூன்று மாதம் பார்ப்பார்கள். அவற்றைச் சுற்றி நிறம் பரவினால் பெரிய சிகிச்சைக்குப் போகலாம். பரவாவிட்டால் நாலைந்து சின்னப் புள்ளிகளோடு இழப்பு முடிந்துவிடும். பல ஆயிரம் ரூபாய் செலவுக்கு முன் இப்படியொரு வெள்ளோட்டத்தை மறுக்கிற இடத்தில் நான் பணம் கட்டச் சொல்ல மாட்டேன்.

எதிர்க்கேள்வி ஒன்று உடனே வரும், அது நியாயமானதும்கூட. மூன்று மாதத்தில் கல்யாணம், பெண்ணின் நெற்றியோரம் ஒரு திட்டு. இந்த வீட்டிடம் ஓராண்டு பொறு என்று எப்படிச் சொல்வது? வெண்புள்ளிக்காக வரன் தட்டிப்போகும் ஊரில், காத்திருக்கச் சொல்வது கல்மனம்போலத் தோன்றும். ஆனால் நாள்காட்டியை எடுத்துவைத்துப் பார்த்தால், அவசரப்பட்டாலும் அந்தத் தேதிக்கு ஒன்றும் நடக்காது. இன்றே அறுவை சிகிச்சை செய்தாலும் ஒரு வாரம் கட்டு, பிறகு சில வாரம் சிவப்பு, அதன்பின் அரைகுறை நிறம். கல்யாண நாளன்று பழைய திட்டைவிடக் கண்ணில் உறுத்தும் ஒரு கலவை நிறம்தான் இருக்கக்கூடும். அதற்குள் தேவைப்படுவது மறைக்கும் மேக்கப்தான். தோலின் நிறத்துக்குப் பொருத்தமாகக் கலந்து கொடுக்கும், வியர்வைக்கு அழியாத வகைகள் இப்போது கிடைக்கின்றன. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கலாமா என்பது வேறு விஷயம். அது மருத்துவத்தால் தீர்வதில்லை.

செலவைப் போட்டுப் பார்ப்போம்

பல இடங்களில் கட்டணம் சதுர சென்டிமீட்டர் கணக்கில் சொல்லப்படுகிறது. கேட்கும்போது சின்ன எண்ணாகத் தோன்றும். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விரல்களோடு சேர்த்து உள்ளங்கையின் பரப்பு உடம்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம், பெரியவர்களுக்குச் சுமார் 160 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 500 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நாணயத் திட்டுக்கு 3,000 ரூபாய், உள்ளங்கை அளவுக்கு 80,000 ரூபாய். இதில் ரத்தப் பரிசோதனை, தியேட்டர், மருந்து, கட்டு எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்க வேண்டும். ஒரே அமர்வில் முடியாமல் இரண்டாவது தேவைப்பட்டால் அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் கேட்க வேண்டும்.

ஆனால் உண்மையான செலவு தியேட்டரில் இல்லை. ஒட்டிய செல்கள் பரவ, பலருக்கு அதன்பிறகு வாரம் இரண்டு முறை ஒளிச்சிகிச்சை தேவைப்படுகிறது. நோயாளிகள் 'லைட் ட்ரீட்மென்ட்' என்று சொல்வது இதைத்தான், 311 நானோமீட்டர் புறஊதாக் கதிர். ஆறு மாதத்துக்கு 52 தடவை. லைட்டுக்கு 300, பஸ்ஸுக்கு 100, அரை நாள் கூலி 400 என்று கொண்டால் ஒரு தடவைக்கு 800, மொத்தம் 41,600 ரூபாய். மேலே சொன்ன நாணயத் திட்டுக்கு அறுவைக் கட்டணத்தைப்போலப் பதின்மூன்று மடங்குக்கும் மேல். எண்கள் ஊருக்கு ஊர் மாறும், கணக்கின் அமைப்பு மாறாது. ரசீதில் வராத கூலியும் பயணமும்தான் ஏழைக் குடும்பத்தைப் பாதியில் நிறுத்தவைக்கின்றன. பாதியில் நின்றால் முன்னால் கொட்டிய பணமும் வீண். அறுவைக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு கிளினிக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தப் பெரிய பகுதியைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

விலை உயர்ந்த கருவி நல்ல பலன் தரும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 2023 ஜூனில் அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ., ரீசெல் என்ற செல் கரைசல் கருவியை நிலைத்த வெண்புள்ளிக்கு அனுமதித்தது. அதன் அடிப்படை, நம் மருத்துவமனைகள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் டிரிப்சின் கரைசல்தான். 2021 தொகுப்பாய்வில் முன்னணியில் நின்றவையும் பழைய முறைகளே. மெல்லிய தோல் ஒட்டில் 72 சதவீதம் பேரும், கொப்புள ஒட்டில் 62 சதவீதம் பேரும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிறம் பெற்றார்கள். புதியவற்றுக்கு வேறு நன்மை உண்டு. கொஞ்சம் தோலை வைத்துப் பெரிய பரப்பை மூடலாம். சின்னத் திட்டோடு வருபவருக்கு அந்த நன்மை தேவையில்லை, அதற்கான விலையை அவர் ஏன் கொடுக்க வேண்டும்?

[பெட்டிச் செய்தி]
என்னென்ன முறைகள்?
மிக எளியது பஞ்ச் ஒட்டு. ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் தோலைக் குத்தி எடுத்துத் திட்டில் நடுவது. செலவு குறைவு, ஆனால் தோல் மேடுபள்ளமாகிவிடக்கூடும், முகத்துக்கு அவ்வளவாக ஏற்றதல்ல. மெல்லிய தோல் ஒட்டை டெல்லி மருத்துவர் பி.என். பெஹ்ல் 1964-லேயே வெளியிட்டார். எடுக்கும் தோலும் மூடும் பரப்பும் இதில் ஏறக்குறைய சமம். கொப்புள ஒட்டு கொலம்பியாவின் ஃபலபெல்லா 1971-இல் கொண்டுவந்தது. தோலை உறிஞ்சிக் கொப்புளமாக்கி, அதன் கூரையை எடுத்து ஒட்டுவார்கள். உறிஞ்சுவதற்குப் பெரிய எந்திரத்தின் இடத்தில் சாதாரண ஊசிக்குழாயையே பயன்படுத்தி, இந்திய மருத்துவர்கள் இதை மலிவாக்கினார்கள். செல் கரைசல் முறை பிரான்ஸில் 1992-இல் வெளிவந்தது. எடுத்த தோலைப்போலப் பத்து மடங்குவரை பரப்பை இதில் மூடலாம்.

மருந்து இருக்கும்போது கத்தி எதற்கு?

ருக்சோலிட்டினிப் என்ற களிம்பை 2022 ஜூலையில் எஃப்.டி.ஏ. அனுமதித்த பிறகு இந்தக் கேள்வி வலுத்திருக்கிறது. ஆய்வில், அதைப் பூசியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு 24 வாரத்தில் முகத்தில் முக்கால்வாசி நிறம் திரும்பியது. ஒளிச்சிகிச்சை மட்டும் எடுத்தவர்களிலும், ஓராண்டு விடாமல் தொடர்ந்தால் மூன்றில் ஒருவருக்கு அந்த அளவு பலன் கிடைப்பதாக 2017 தொகுப்பாய்வு காட்டியது. பரவும் வகை கொண்டவர் முதலில் போக வேண்டிய வழி இதுதான். காத்திருக்கும் ஓராண்டு சும்மா இருக்கும் ஆண்டல்ல. நோயை அடக்கும் சிகிச்சை அப்போதுதான் நடக்கிறது. அந்தச் சிகிச்சையிலேயே நிறம் திரும்பி, கத்தியே தேவைப்படாமல் போகிறவர்கள் பலர்.

ஆனால் களிம்பு அறுவை சிகிச்சையைத் தேவையற்றதாக்கிவிடவில்லை. எஃப்.டி.ஏ. அனுமதி ஒருபக்க வகைக்கு இல்லை. அந்த வகையில் முடியும் வெளுத்திருந்தால் முடிவேரின் சேமிப்பே தீர்ந்துவிட்டது என்று பொருள். இழுத்துவர செல்லே இல்லாத இடத்தில் எந்தக் களிம்பு எதை இழுக்கும்? ஆண்டுக்கணக்காக அசையாமல் நிற்கும் ஒருபக்கத் திட்டோடு ஓர் இளைஞர் களிம்பு மாற்றிக் களிம்பு என்று அலைவதும் தவறான செலவுதான். பொருந்தாதவருக்கு அறுவை செய்வது எவ்வளவு பிழையோ, பொருந்துகிறவருக்கு அதைப்பற்றிச் சொல்லாமலே விடுவதும் அவ்வளவு பிழை.

காப்பீடு சொல்லும் 'அழகு'

இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுக்கான விதிவிலக்குகளை ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் ஒரே மாதிரியாக வகுத்தது. அதில் ஒன்று, தோற்றத்தை மாற்றும் எந்தச் சிகிச்சைக்கும் பணம் இல்லை என்பது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு, உடனடி உடல்நல ஆபத்தை நீக்கும் சிகிச்சை ஆகியவற்றுக்கு மட்டும் சலுகை. வெண்புள்ளி அறுவை சிகிச்சையை அழகுக் கணக்கில் தள்ள இந்த வாசகம் இடம் கொடுக்கிறது. தீயில் வெந்த கன்னத்துக்கு ஒட்டுப் போட்டால் அது சீரமைப்பு. சொந்த எதிர்ப்பு செல்கள் அழித்த கன்னத்துக்கு அதே ஒட்டுப் போட்டால் அது அழகா? இரண்டிலும் இருந்த ஒன்று அழிந்து, அதை மீட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வெண்புள்ளிக்குத் தனிக் குறியீட்டு எண் உண்டு. பட்டியலில் நோய், பாலிசியில் ஒப்பனை என்றால் அந்த முரண்பாட்டின் விலையை நோயாளி தன் பையிலிருந்து கொடுக்கிறார்.

உயிருக்கு ஆபத்தில்லாத ஒன்றுக்குக் காப்பீடு கொடுத்தால் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், பிரீமியம் ஏறும் என்று நிறுவனங்கள் அஞ்சலாம். இங்கேதான் பொருத்தத்துக்கான அளவுகோல் உதவிக்கு வருகிறது. ஓராண்டு அசையாமை, அதற்கான படச்சான்று, தேவையானால் சோதனை ஒட்டின் முடிவு ஆகிய மூன்றையும் நிபந்தனையாக வைத்தால் வரிசை தானாகவே குறுகிவிடும். மிஞ்சுகிறவர்கள் பலன் கிடைக்க மிக அதிக வாய்ப்புள்ளவர்கள். நிறுவனத்துக்குச் செலவு கட்டுக்குள் நிற்கும், நோயாளிக்குக் காத்திருக்க ஒரு காரணம் கிடைக்கும், அவசரத்தை விற்கும் கிளினிக்குக்கு ஒரு தடையும் வரும்.

அரசு செய்யக்கூடியது இதைவிட எளியது. பஞ்ச் ஒட்டுக்கும் ஊசிக்குழாய்க் கொப்புள ஒட்டுக்கும் ஆய்வகம் வேண்டாம், லேசர் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு தோல் மருத்துவரும் ஒரு சிறு தியேட்டரும் போதும். அதற்குப் பிந்தைய 52 பயணங்கள்தான் இடிக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகளையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஒளிச்சிகிச்சையையும் அதேபோல வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒன்றிரண்டு சின்னத் திட்டு உள்ளவருக்குக் கையில் பிடித்துக்கொள்ளும் ஒளிக்கருவியே போதும். அளவும் நேரமும் மருத்துவர் குறித்துக் கொடுக்க, வீட்டில் வைத்து அதைப் பயன்படுத்தும் முறை வெளிநாடுகளில் ஆய்வுக்கு உட்பட்டிருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அப்படிப் பத்துக் கருவிகளை வாங்கிவைத்து, ஆறு மாதத் தவணையில் இரவல் கொடுத்து, மாதம் ஒருமுறை மட்டும் நோயாளியைக் கூப்பிட்டுப் பார்த்தால் 52 பயணம் ஆறாகக் குறையும்.